கிருமிக்கு நான் பூசிய நீலம்

அந்தப் படத்தில் கிருமி நீலமாக இருக்கும். அதை நீலமாக்கியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இனி நான் வரிசையாக எல்லோர் மேலும் எரிந்து விழப்போகிறேன். கடைசியில் வந்து, "என் மேலும் தப்பு இருக்கிறது" என்று பம்முவது எனக்குப் பிடிக்காது.

பன்றிக் காய்ச்சல் பேச்சு ஊரெல்லாம் ஓடிய வருஷம் அது. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டுத் தேனியில் ஒரு ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஸ்டூடியோ என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். கல்யாண வீடியோவுக்கு மிக்ஸிங் போடும் இடம். மாப்பிள்ளை தலை ரோஜாப்பூவுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும், பொண்ணு தலை அருவிக்கு மேல் மிதக்கும். அந்தக் கொடுமையெல்லாம் என் கைவேலை. அப்போது ஓர் அரசு அலுவலகத்திலிருந்து ஆர்டர் வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கை கழுவச் சொல்லித்தரும் கார்ட்டூன் படம். ஆறு நிமிஷம், பாட்டோடு. எங்கள் ஓனர் அண்ணன், "நம்ம பிள்ளைக்குக் கார்ட்டூன் தண்ணி பட்ட பாடு" என்று அங்கே அடித்துவிட்டு வந்திருந்தார். எனக்குத் தெரிந்ததெல்லாம் காலேஜில் ஃப்ளாஷ் சாஃப்ட்வேரில் ஒரு பந்தைக் குதிக்க வைத்தது மட்டும்தான்.

"பந்து குதிச்சா கிருமி குதிக்காதாம்மா?" என்றார்.

குதித்தது. உருண்டை உடம்பு, ரெண்டு கொம்பு, ஈறு தெரிய ஓர் இளிப்பு. நகத்துக்குள் படுத்துத் தூங்கும், சாப்பாட்டு நேரம் வந்ததும் எழுந்து சோம்பல் முறிக்கும். ஒரு பையன் வெள்ளை டைல்ஸ் போட்ட பாத்ரூமில் குழாயைத் திறப்பான். ஏழு தரம் தேய்ப்பான், சோப்பு நுரை பொங்கும். கிருமி அலறிக்கொண்டு ஓடி, பட்டென்று வெடிக்கும். நானே பார்த்து நானே சிரித்தேன்.

நிறம் போடும்போது யோசிக்கவே இல்லை. உத்தமபாளையத்தில் என் அத்தாவுக்கு உரக்கடை. எங்கள் வீடுகளில் அப்பாவை அத்தா என்போம். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் கடையில்தான் கிடப்பேன். மூலையில் துத்தம் மூட்டை இருக்கும். பார்க்கக் கல்கண்டு மாதிரி, ஆனால் நீலம். கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை போட்டிருக்கிற அத்தனை பேரும் வாங்குவார்கள். துத்தத்தையும் சுண்ணாம்பையும் தண்ணீரில் கரைத்தால் பளீரென்று ஒரு வான நீலம் வரும். கொடிக்கு நோய் வராமல் இருக்க அதை அடிப்பார்கள், கவாத்து என்று கிளையை வெட்டிய காயத்தில் பூசுவார்கள். "அதுல கைய வச்ச, கைய ஒடிச்சுப்புடுவேன்" என்பார் அத்தா. எனக்குத் தெரிந்த முதல் விஷம் அது. கிருமிக்கு வேறென்ன கலர் கொடுப்பேன்?

முடித்ததும் வீட்டு டிவியில் போட்டுக் காட்டினேன். அத்தா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். "ஏத்தா, இது நம்ம துத்தக் கலராவுல்ல இருக்கு!" என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் யாராவது என் மண்டையில் ஒரு குட்டு வைத்திருக்கலாம்.

முதல் காட்சி, சுற்றிலும் திராட்சைப் பந்தலாக இருந்த ஓர் ஊரின் தொடக்கப் பள்ளியில். அலுவலகத்திலிருந்து ரெண்டு ஜீப் நிறைய ஆட்கள், மாலை, சால்வை, மைக்கில் இருபது நிமிஷம் பேச்சு. படம் ஆறு நிமிஷம்தான் என்பதே எல்லோருக்கும் மறந்துபோச்சு. ஆனால் புரஜெக்டரைப் போட்டதும் பிள்ளைகள் கூரையைப் பிய்த்துவிட்டார்கள். கிருமி வெடித்தபோது அப்படி ஒரு கத்தல். முன்வரிசையில் ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண், ஐந்தாம் வகுப்பு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இன்னொருக்கா போடுங்கக்கா, இன்னொருக்கா போடுங்க!" எனக்குத் தலைகால் புரியவில்லை.

என்னைச் சீண்டியது ஒரே ஒரு ஆள்தான். அங்கே சத்துணவு சமைக்கும் அக்கா. கையைச் சேலைத் தலைப்பில் சுருட்டிக்கொண்டு, சமையலறை வாசலில் நின்று படம் பார்த்தார். முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, ஒம் படத்துல அந்தப் பய பைப்பத் தொறக்குறான், தண்ணி கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. இங்கன பைப்பத் தொறந்தா காத்துத்தான் வருது. இத்தன உருப்படியும் ஏழு தரம் தேச்சுத் தேச்சுக் கழுவ எவ தண்ணி சொமப்பா? ஒங்க ஜீப்புல வந்த சாரா சொமப்பாரு?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு நகர்ந்தேன். எதற்கெடுத்தாலும் நொட்டை சொல்கிற ஆள் போல என்று நினைத்தேன். சுருட்டியிருந்த அந்தக் கையைப் பார்க்கத் தோன்றவில்லை.

மூன்று வாரம் கழித்து அதே பள்ளிக்கு என்னைத் திரும்ப அனுப்பினார்கள். படம் பார்த்த பிள்ளைகள் எப்படி மாறிவிட்டார்கள் என்று காட்ட அலுவலகத்துக்கு ஒரு வீடியோ வேண்டுமாம். கேமராவோடு நான் போய் இறங்கியது சரியாகச் சாப்பாட்டு நேரம். வராண்டாவில் பிள்ளைகள் ரெண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் கையை முன்னால் நீட்டியிருக்க, வகுப்புத் தலைவன் ஒவ்வொரு கையாகக் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தான். எனக்குப் புல்லரித்தது. கேமராவை ஆன் செய்துவிட்டேன்.

அப்புறம்தான் பார்த்தேன். சமையலறைச் சுவரோரம் ஒருத்தி தனியாக உட்கார்ந்திருந்தாள். அதே ரெட்டைச் சடை. தட்டு மடியில், கை ரெண்டும் பாவாடைக்கு அடியில். யாரும் பார்க்காத நேரம் ஒரு கை வெளியே வரும், ஒரு வாய் அள்ளும், திரும்ப உள்ளே போய்விடும்.

"ஏலே, அவ ஏன்டா அங்கன தனியா உக்காந்திருக்கா?" என்று தலைவனைக் கேட்டேன்.

"அவ கையில கிருமி இருக்குக்கா. நீலக் கிருமி. நகத்துக்குள்ள படுத்திருக்கு. சோப்புப் போட்டும் சாவ மாட்டேங்குது."

"அது துத்தம்டா! ஒனக்குத் துத்தம் தெரியாது?"

"தெரியும்க்கா. ஆனா கிருமி அந்தக் கலருலதான இருக்கும்?"

"யாருடா சொன்னது?"

பயல் என்னை ஒரு லூசைப் பார்ப்பது போலப் பார்த்தான். "நீங்கதானக்கா காட்டுனீக."

வரிசையில் யாரோ என் பாட்டை எடுத்துவிட்டார்கள். நான் உட்கார்ந்து மெட்டுக்குப் பொருத்திய அதே பாட்டு. கிருமி, கிருமி என்று வரும் இடத்தில் மொத்த வராண்டாவும் அவளைப் பார்த்துக் கையை நீட்டியது. அவள் தட்டைப் பார்த்தபடியே இருந்தாள்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சனி ஞாயிறு அம்மாவோடு தோட்டத்துக்குப் போவாளாம். அம்மா கவாத்து வெட்டிக்கொண்டே போக, இவள் பின்னாலேயே காயத்தில் துத்தம் பூசிக்கொண்டு வருவாளாம். சோப்பு, சாம்பல், எலுமிச்சம்பழம் எல்லாம் போட்டுத் தேய்த்துப் பார்த்தாளாம். நகக்கண் சிவந்து புண்ணாகியிருந்தது. அதற்குள்ளும் நீலம்.

"அம்மா இனிமே பள்ளிக்கூடத்துக்குப் போவேணாம்னு சொல்லுதுக்கா" என்றாள். "நான்தான் அஞ்சாவது மட்டும் முடிச்சுக்கிறேன்னு சொல்லியிருக்கேன்."

வகுப்பு டீச்சரிடம் போனேன். "கை பாக்குற பழக்கம் நாந்தான் ஆரம்பிச்சேன், நல்லாருக்கா?" என்று அவர் வெள்ளந்தியாகக் கேட்டார். திட்டப் போனவள் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ஹெச்.எம்.மிடம் போனேன்.

"கையச் சுத்தமா வச்சுக்கிட்டு வரட்டும், வரிசையில உக்காரட்டும். யாரு வேணாங்குறா?"

"சார், அது அழுக்கே இல்ல. துத்தக் கறை. கழுவுனாலும் போவாது."

"அதத்தாம்மா நானும் சொல்றேன். அவக வீட்ல அப்படித்தான். நாம என்ன பண்ண முடியும்?"

அவக வீட்ல. அதை அவர் சொன்ன விதம் இருக்கிறதே! தோட்டக்காரர் பிள்ளைகள் கையில் நீலம் இல்லை. கொடி அவர்களுடையது, பூசுவது அவர்கள் இல்லை. கூலிக்குப் போகிற வீட்டுப் பிள்ளை கையில்தான் நீலம். அவளைத் தள்ளி உட்கார வைக்க அந்த ஊரில் சிலருக்கு ஏற்கெனவே ஒரு காரணம் இருந்தது, வாய்விட்டுச் சொல்ல முடியாத காரணம். வாய்விட்டுச் சொல்லக்கூடிய ஒன்றை நான் போய், கலரில், பாட்டோடு, வரைந்து கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

தேனிக்குத் திரும்பியதும் ஓனர் அண்ணன் முன்னால் போய் நின்றேன். "படத்த மாத்தணும்ண்ணே."

"போட்ட சிடி எல்லாம் வருசநாடு வரைக்கும் போயிருச்சு. ஆபீஸ்ல பாஸ் பண்ணிட்டாக. ஒரு பிள்ள நகத்துக்காகத் திரும்பப் போய் நிக்கச் சொல்றியா?"

"ஆமா."

"நீ போயி அந்தக் கூடலூர் ரிசப்ஷன முடிம்மா. பொண்ணு வீட்ல நாலு தரம் போன் பண்ணிட்டாக."

ரிசப்ஷனும் மண்ணாங்கட்டியும். அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் ஃபைலைத் திறந்தேன். ஃப்ளாஷில் ஒரு வசதி உண்டு. கிருமியை ஓரிடத்தில் மாற்றினால் போதும், படம் முழுக்க அது வரும் இடமெல்லாம் தானாக மாறிவிடும். ஒரு நிமிஷ வேலை. எந்தக் கலருக்கு மாற்றுவது என்பதில்தான் மாட்டிக்கொண்டேன். பச்சை வைத்தேன். எஸ்டேட்டுக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறவர்கள் கை ஞாபகம் வந்தது. கறுப்பு வைத்தால் மெக்கானிக் கடை. மஞ்சள் வைத்தால் மஞ்சள் அரைக்கும் மில். பழுப்பு வைத்தால் செங்கல் சூளை. எந்தக் கலரை எடுத்தாலும் அது யாரோ ஒருவர் வேலை பார்த்த கை. வேலையே பார்க்காதவன் கைக்கு மட்டும்தான் கலர் இல்லை.

கண்ணுக்குத் தெரியாததுதானே கிருமி? அதைப் பள்ளிக்கூடத்திலேயே படித்துத் தொலைத்திருக்கிறேன். கடைசியில் நிறத்தையே எடுத்துவிட்டு, வெறும் கோடாக விட்டேன். அதைக் கொண்டுபோய், இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையும் மோதிரமும் போட்ட ஒரு பளிங்குக் கையில் உட்கார வைத்தேன். அந்த மோதிரத்தை வரையும்போது ஜீப்பில் வந்த ஒரு சாரை நினைத்துக்கொண்டேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

அடுத்த வாரம் புது சிடியோடு பள்ளிக்குப் போனால், ரெட்டைச் சடையைக் காணோம். நாலு நாளாக வரவில்லை. "மேலேர்ந்து ஆர்டர் வராம நான் எந்தப் படமும் போட முடியாதும்மா" என்று ஹெச்.எம். சிடியை உறையோடு திருப்பிக் கொடுத்தார். அதை வகுப்பு டீச்சரிடம் கொடுத்து வைத்தேன். சமையல் அக்காதான் தோட்டத்துக்கு வழி சொன்னார்.

பந்தல் தாழ்வாக இருந்தது, குனிந்துதான் போக வேண்டும். அம்மாவும் மகளும் ஒரே வரியில் நின்றார்கள். அம்மா கையில் கவாத்துக் கத்தரி, மகள் கையில் துத்த வாளி. என்னைப் பார்த்ததும் அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். என்னிடமிருந்தே மறைக்கிறாள்.

"நீதான் அந்தப் படம் எடுத்த பிள்ளையா?" என்றார் அம்மா. கத்தரி நிற்கவில்லை. "பாளையத்து உரக்கடைக்காரர் மகதான?"

"ஆமாக்கா."

"நல்லா இருக்குத்தா ஒங்க நியாயம். துத்தம் ஒங்க கடையில. கொடி தோட்டக்காரகளுக்கு. பழம் மெட்ராசுக்குப் போயிருது. கை மட்டும் எங்க கை. கடைசியில கிருமியும் எங்களுக்கேவா?"

பேச்சில் யாரையும் மடக்கிவிடுவேன் என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. அன்றைக்கு, படத்தை மாற்றிவிட்டேன் என்று முனகத்தான் முடிந்தது.

"படத்த மாத்துனியா, பயலுக வாய மாத்துனியா?"

"ஒரு நாள் அனுப்புங்கக்கா. நானும் வந்து அவ பக்கத்துல உக்காருறேன்."

கத்தரி நின்றது. மகளைப் பார்த்தார். அவளுக்குப் போக ஆசை என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. "நாளைக்கு ஒரு நாள் அனுப்புறேன்" என்றார். "திரும்பவும் தனியா உக்கார வச்சாகன்னா அதோட சரி. எம் பிள்ள வாளியத் தூக்கிட்டே போறா. இங்கன ஒரு கொடியும் அவளப் பாத்துப் பாட்டுப் படிக்காது."

மறுநாள் காலையில் அத்தா கடையில் ஒரு பிடி துத்தம் எடுத்தேன். சுண்ணாம்போடு கரைத்து, ரெண்டு கையையும் மணிக்கட்டு வரை முக்கினேன். அத்தா பதறிப்போனார். "கிறுக்கு பிடிச்சிருச்சா ஒனக்கு? கை வெந்துரும்!" என்றார்.

"தோட்டத்துல ஒரு பிள்ள இதுலதான் கைய வைக்கிது. அவகளுக்கு யாரு சொல்றா வெந்துரும்னு?"

பதிலுக்கு நான் காத்திருக்கவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டு ஆள் என் கையைப் பார்த்துவிட்டு எழுந்து போய் நின்றுகொண்டார். போய்யா.

என் திட்டம் இதுதான். நீலக் கையோடு வரிசையில் உட்காருவேன், எல்லோர் முன்னாலும் சோப்புப் போட்டுக் கழுவுவேன், கறை அப்படியே இருக்கும். "பாருங்கடா, கிருமி போயிருச்சு, கலர் மட்டும்தான் இருக்கு" என்று சொல்வேன். கதை முடிந்தது. தலைவன் கை பார்க்க வந்தான். என் கையைக் கண்டதும், "அய்யய்யோ, அக்கா கையிலயும் கிருமி!" என்று துள்ளினான். மொத்த வராண்டாவும் எழுந்துவிட்டது. பிரமாதம் என்று நினைத்துக்கொண்டு, சமையல் அக்கா ஊற்றிய தண்ணீரில் சோப்புப் போட்டுத் தேய்த்தேன்.

போய்விட்டது. சுத்தமாகப் போய்விட்டது. ஒரு காலைப் பொழுதுக் கறைதானே? நகக்கண்ணில்கூட ஒட்டவில்லை. வாரா வாரம் வாளியில் கையை விட்டால்தான் அது தங்கும். அது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. உரக்கடை வீட்டுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

"பாத்தீகளாடா!" என்று தலைவன் கத்தினான். "அக்காவுக்குப் போயிருச்சு! இவளுக்கு மட்டும்தான் போவல!"

நானே கேஸை ஜோடித்து, நானே சாட்சி சொல்லி, நானே தீர்ப்பும் எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிற்று. பாட்டு ஆரம்பித்தது. ரெட்டைச் சடை அழவில்லை. தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். நான் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பவில்லை.

"ஏலே! அத்தன பேரும் வாய மூடிக்கிட்டு இங்கன பாருங்கடா!"

சமையல் அக்கா. சோற்றுக் குண்டாவுக்கு மேல் ரெண்டு கையையும் விரித்து நீட்டிக்கொண்டு நின்றார். பத்து நகத்திலும் நீலம். அவள் கையில் இருந்ததைவிட அதிகம்.

"விடியக்காலம் போயி நாலு வரி பூசிட்டுத்தான் வந்து ஒங்களுக்கு ஒல வைக்கிறேன். சோப்புப் போட்டு ரெண்டு தரம் கழுவிட்டுத்தான் அரிசியத் தொடுறேன். கிருமி போயிரும், துத்தம் போவாது. மூணு வருசமா இந்தக் கையில சோறு தின்னீகளே, எவனுக்காச்சும் வகுறு வலிச்சுச்சா? இப்ப சொல்லு. இது கிருமின்னு சொல்றவன் தட்டக் கவுத்திப்புட்டு எந்திரி. இன்னைக்கு முட்ட வேற."

ஒருத்தனும் எழவில்லை. முட்டை நாள் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். தலைவன் குண்டாவைப் பார்த்தான், கையைப் பார்த்தான், எச்சில் விழுங்கினான்.

சத்தம் கேட்டு வந்த ஹெச்.எம்., "நீயும் தோட்டத்துக்குப் போறியா? எனக்குத் தெரியாதே" என்றார்.

"என்னைக்காச்சும் எங் கையப் பாத்திருக்கீகளா சார்?" என்றார் அக்கா.

எனக்கும் சேர்த்துத்தான் அந்தக் கேள்வி. ஹெச்.எம். ஏதோ சொல்ல வந்தார். "நாளைக்கும் கை பாக்குறதா இருந்தா எங் கையிலேர்ந்து ஆரம்பிக்கச் சொல்லுங்க. அப்பறம் சமைக்க வேற ஆளப் பாத்துக்கங்க" என்று அக்கா கரண்டியைக் குண்டாவில் போட்டார். சார் அறைக்குத் திரும்பிப் போனார். அக்கா வாசல் பக்கம் திரும்பினார்.

"ஏ ஆத்தா, பையக் கீழ வையி. ஓரத்துல இல்ல. அங்கன, நடுவுல போயி உக்காரு."

உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த பிள்ளை கொஞ்சம் நகர்ந்துதான் இடம் விட்டது. பிறகு நகர்ந்த இடத்திலேயே இருந்துவிட்டது. பாட்டு வரவில்லை.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத என்னால் முடியாது. ஃபைலில் கை வைத்ததற்கும் சொல்லாமல் லீவு போட்டதற்கும் சேர்த்து ஓனர் அண்ணன் என்னை வீட்டுக்கு அனுப்பினார். நீலக் கிருமி போட்ட சிடிகள் எத்தனை ஊரில் கிடக்கின்றனவோ! எந்தப் பள்ளியில், எந்தச் சுவரோரம், எந்தப் பிள்ளை பாவாடைக்கு அடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளோ! நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அடுத்த வாரம் அத்தா கடைக்கு ஒரு போன். சமையல் அக்கா. ஊரில் யாரிடமோ நம்பர் வாங்கியிருக்கிறார். புதுப் படத்தைப் போட்டுக் காட்டினார்களா என்று முதலில் கேட்டேன். எனக்கு அந்தப் புத்தி போகவே இல்லை.

"அது கெடக்கட்டும்" என்றார். "பைப்புல தண்ணி வர வைக்கிற மாதிரி எதாச்சும் படம் வச்சிருக்கியா?"

"இல்லக்கா" என்றேன். "பிள்ள வந்தாளா?"

"வந்துட்டா. நாளு தவறாம வாரா. இன்னைக்கு ரெண்டாந்தரம் சோறு கேட்டா." போனை வைக்கப் போனவர் ஒன்று சேர்த்துச் சொன்னார். "கைய நீட்டித்தான் கேட்டா."